எண்ணின் உண்மையும் அறிவோன் கடமையும்

மனிதருள் எவரும் அறியாதிருக்கும் காலத்தும் ஓர் உண்மை உண்மையாகவே இருக்கின்றதா, அன்றி அறியப்படும் வேளையிலேதான் அது உண்மையாகின்றதா என்பது மெய்யியலாளர் நெடுங்காலமாக வினவிவரும் வினாவாகும். இதனோடு பிணைந்த இன்னொரு வினாவும் உண்டு. தான் ஆராய்ந்து தெளியாத ஒன்றை ‘இஃது உண்மை’ எனப் பிறர்க்குக் கூறும் உரிமை ஒருவனுக்கு உண்டா? முன்னையது அறிவாராய்ச்சியியல் சார்ந்தது. பின்னையது ஒழுக்கவியல் சார்ந்தது. சமயம், அரசியல், வரலாறு முதலிய துறைகளிலிருந்து எடுத்துக்காட்டுத் தேடப் புகுந்தால் விருப்பு வெறுப்புகள் குறுக்கிட்டு வினாவின் வடிவத்தையே மறைத்துவிடும். ஆதலின் எவருக்கும் பகையோ உறவோ இல்லாத ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுதல் நன்று. அத்தகைய பொருள் ஓர் எண்.

அவ்வெண் 147,573,952,589,676,412,927 என்பது. இருபத்தோர் இலக்கங்களைக் கொண்ட இவ்வெண், 2 இன் 67 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழிக்கப் பெறப்படுவது. இவ்வெண் முதன்மை எண்ணா, சேர்த்தி எண்ணா என்பதே வினா. தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாதது முதன்மை எண் என்பதும், அவ்வாறு வகுபடுவது சேர்த்தி எண் என்பதும் பாடசாலையிலேயே கற்பிக்கப்படுபவை. 7, 31, 127 என்பன முதன்மை எண்கள். இவை மூன்றும் 2 இன் ஒரு வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்கக் கிடைப்பவை என்பதும் கவனிக்கத்தக்கது.

இவ்வகை எண்கள் மீது பண்டைக் காலந்தொட்டே கணிதர்க்கு ஈடுபாடு இருந்துவந்துள்ளது. 28 ஐ மீதியின்றி வகுக்கும் அதனிற் சிறிய எண்களான 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினால் மீண்டும் 28 ஏ கிடைக்கும். இத்தகைய பூரண எண்களை, 2 இன் வலுவிலிருந்து ஒன்று குறைந்த முதன்மை எண்களைக் கொண்டு ஆக்கலாம் என யூக்கிளிட் தம் நூலில் நிறுவியுள்ளார். இங்கு வலுவைக் குறிக்கும் சுட்டி முதன்மை எண்ணாக இருந்தால்தான் விளையும் எண்ணும் முதன்மையாதல் கூடும். எனினும் சுட்டி முதன்மையாயிருத்தல் மாத்திரம் போதாது. 11 முதன்மை எண். ஆயினும் 2 இன் 11 ஆம் வலுவில் ஒன்று குறைந்த 2047, 23 ஐயும் 89 ஐயும் பெருக்கப் பெறப்படும் சேர்த்தி எண்ணாகும். இதனை 1536 இல் ரேஜியஸ் என்பார் எடுத்துக்காட்டினார். எந்தச் சுட்டி முதன்மை எண்ணைத் தரும், எது தராது என்பதற்கு எளிய ஒழுங்கு எதுவும் புலப்படவில்லை.

இந்நிலையிலேதான் மறின் மேர்சென் என்னும் பிரான்சியத் துறவி 1644 இல் ஒரு பட்டியலை வெளியிட்டார். பரிஸ் நகரில் வாழ்ந்த இவர் ஐரோப்பிய அறிஞர் பலரோடும் கடிதத் தொடர்பு பூண்டிருந்தவர். அறிவியற் சஞ்சிகைகள் தோன்றாத அக்காலத்தில் ஒருவர் கண்டதை மற்றவர்க்கு அறிவிக்கும் நிலையமாக விளங்கியவர். 257 வரையுள்ள சுட்டிகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மாத்திரமே முதன்மை எண்களைத் தரும் என அவர் கூறினார். நிறுவல் எதனையும் தந்தாரல்லர். பதினைந்து அல்லது இருபது இலக்கங்கள் கொண்ட ஓர் எண் முதன்மையா என்று சோதித்து முடிக்கக் காலம் முழுவதும் போதாது என்ற கருத்தை அவரே வெளியிட்டிருந்தார். 67 என்னும் சுட்டி தரும் எண்ணோ இருபத்தோர் இலக்கம் உடையது. தம் காலத்துக் கருவிகளால் சோதித்தறிய முடியாதது என அறிந்திருந்தும் அதனை முதன்மை எண்களின் வரிசையில் அவர் வைத்தார். அவர் பெயருக்கிருந்த மதிப்பினால் அப்பட்டியல் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கணிதருலகிற் செல்வாக்குடன் நிலவியது. 31 என்னும் சுட்டிக்குரிய 2,147,483,647 முதன்மையே என 1772 இல் ஒயிலர் நிறுவினார். பட்டியலின் ஒரு பகுதி சரியெனக் கண்டபோது ஏனைய பகுதியும் சரியாகவே இருக்கும் என்ற எண்ணம் வலுப்பெற்றிருத்தல் இயல்பே.

அறிவைப் பெறும் வாயில்களை அளவை என வழங்கும் சைவசித்தாந்த நூல்கள், காண்டல், கருதல், உரை என அவற்றை மூவகைப்படுத்தும். காண்டல் நேரே அறிதல். கருதல் அடையாளங் கொண்டு உய்த்துணர்தல். உரை நம்பத்தக்கார் கூற்றை ஏற்றல். மலைமேற் புகையைக் கண்டு அங்கு நெருப்புண்டு எனத் துணிதல் கருதலுக்கு வழமையாகக் காட்டப்படும் உதாரணம். கணிதமோ சமய நூலோ எதுவாயினும், மனிதன் அறியும் வழிகள் இவையே ஆதலின், மேற்கூறிய எண்ணின் வரலாற்றையும் இப்பாகுபாட்டின் துணைகொண்டு நோக்கலாம். 1644 முதல் நிலவியது உரை. அதனை அடுத்து வந்தது கருதல்.

1876 இல் எடுவாட் லூக்காஸ் என்னும் பிரான்சியக் கணிதர், இவ்வெண் முதன்மையன்று எனக் காட்டினார். அவர் காட்டியவாறு வியப்புக்குரியது. எவ்வெண்ணால் அது வகுபடும் என்பதை அவர் கூறவில்லை; கூறவும் இயலவில்லை. காரணி ஒன்றேனும் அறியாமலே காரணி உண்டெனத் துணிந்தார். இஃது எவ்வாறு கூடும் என்பதற்கு, லூக்காஸின் வழியைப் பின்னர் 1930 இல் லேமர் எளிமைப்படுத்திய வடிவம் தெளிவான விளக்கந் தரும். 4 இலிருந்து தொடங்குக. அதனை வர்க்கித்து 2 ஐக் கழிக்க 14. மீண்டும் வர்க்கித்து 2 ஐக் கழிக்க 194. இவ்வாறு செல்லும்போது ஒவ்வொரு படியிலும் சோதனைக்குரிய எண்ணால் வகுத்து மீதியை மாத்திரம் கொள்க. சுட்டியினும் இரண்டு குறைந்த தொகையான படிகளின் முடிவில் மீதி பூச்சியமாயின் அவ்வெண் முதன்மை, அன்றேல் சேர்த்தி. 31 ஐச் சோதிப்பின் சுட்டி 5; படிகள் மூன்று. 4, 14 என்பவற்றை அடுத்து 194 ஐ 31 ஆல் வகுக்க மீதி 8. 8 இன் வர்க்கத்தில் 2 குறைய 62. அதனை 31 ஆல் வகுக்க மீதி பூச்சியம். ஆகவே 31 முதன்மை. 2047 ஐச் சோதிப்பின் ஒன்பது படிகளின் முடிவில் மீதி 1736. பூச்சியம் வரவில்லை, ஆகவே 2047 சேர்த்தி எண். இக்கணிப்பில் 23 என்றோ 89 என்றோ எதுவும் தோன்றவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

புகை கண்டு நெருப்பறிந்த நிலை இதுவே. நெருப்பு இருக்குமிடம் தெரியாது. உண்டென்பது மாத்திரம் தெரியும். ‘உண்டு’ என அறிதலும் ‘இது’ என அறிதலும் வெவ்வேறானவை என்பதை இவ்வெண் தெளிவாகப் புலப்படுத்துகின்றது.

இவ்வகைக் கருதலில் நுட்பமான ஓர் ஐயத்துக்கும் இடமுண்டு. மேற்காட்டிய சோதனையில் ஓரிடத்திற் கைதவறினால் என்ன நிகழும்? 31 ஐச் சோதிக்கும்போது 8 என்பதை 9 எனப் பிழையாக எழுதிவிட்டால், 9 இன் வர்க்கத்தில் 2 குறைய 79. அதன் மீதி 17. பூச்சியம் வராமையால் முதன்மையான 31 சேர்த்தி எண் எனத் தோன்றும். தவறான கணக்கிலிருந்து தற்செயலாகப் பூச்சியம் வருதல் அரிது. பூச்சியமல்லாத மீதி வருதலோ மிக எளிது. எனவே ‘முதன்மை’ என்னும் விடையினும் ‘சேர்த்தி’ என்னும் விடையே கைப்பிழைக்கு மிகுதியும் இடந்தருவது. பேரெண்களைக் கையாற் கணித்த அக்காலத்தில், முடிவை ஏற்பவர் லூக்காஸின் தேற்றத்தோடு அவர் கணிப்பின் பிழையின்மையையும் ஏற்கவேண்டியிருந்தது. மீளக் கணிக்காதவர்க்கு அவர் முடிவு ஒரு பகுதி கருதலாகவும் ஒரு பகுதி உரையாகவும் இருந்தது எனலாம்.

காண்டல் வாய்த்தது 1903 இல். அவ்வாண்டு ஒக்ரோபர் மாதம் நியூயோர்க் நகரில் நடைபெற்ற அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில், கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங் நெல்சன் கோல் இவ்வெண்ணின் காரணிகளை வெளிப்படுத்தினார். அவை 193,707,721 உம் 761,838,257,287 உம் ஆகும். கோல் அவையினர் முன் ஒரு சொல்லும் கூறாது கரும்பலகையை அணுகி, 2 இன் 67 ஆம் வலுவைக் கணித்து ஒன்றைக் கழித்தார் என்றும், பின்னர் வேறோரிடத்தில் இவ்விரு எண்களையும் எழுதிப் பெருக்கினார் என்றும், இரு விடைகளும் ஒன்றாதல் கண்ட அவையினர் கரகோஷஞ் செய்ய, அவர் வாளாது தம் இருக்கைக்கு மீண்டார் என்றும் கூறுவர். இதற்கு எத்துணைக் காலம் சென்றது எனப் பின்னொருகால் வினவப்பட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என அவர் விடையிறுத்தாராம்.

அவர் உழைப்பின் அளவை ஒருவாறு மதிப்பிடலாம். இவ்வெண்ணை வகுக்கும் எந்த முதன்மை எண்ணும் 134 ஆல் வகுக்க 1 மீதியாக வருவதாதல் வேண்டும். 8 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 ஆதலும் வேண்டும். இவ்விரு கட்டுப்பாடுகளும் தேடலைப் பெரிதும் சுருக்குகின்றன. ஆயினும் 193,707,721 என்பது 134 ஐ 1,445,580 ஆல் பெருக்கி ஒன்று கூட்டப் பெறப்படுவது. எனவே வரிசையாகத் தேடிச் செல்பவன், இரண்டாம் கட்டுப்பாட்டினால் அரைவாசியை விலக்கிய பின்னரும், ஏறத்தாழ ஏழு இலட்சம் எண்களைக் கடந்தே அதனை அடையவேண்டும். வர்க்க எச்சங்கள் பற்றிய கோட்பாட்டின் துணையால் கோல் இத்தேடலை மேலும் குறுக்கினார். எனினும் எஞ்சிய வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. இதற்கு எதிர்மாறாக, அவர் விடையைச் சரிபார்த்தல் மிக எளிது. முதற் காரணி ஒன்பது இலக்கங்கள் உடையது. அவற்றுள் ஒன்று பூச்சியம். ஆகவே எட்டு வரிகள் எழுதிக் கூட்டினாற் போதும். பெருக்கல் அறிந்த பாடசாலை மாணவன் ஒரு பிற்பகலில் இதனை முடிப்பான். தேடுதல் அரிது, தேர்தல் எளிது என்னும் இவ்வேறுபாடே ஈண்டு எழும் ஒழுக்கவியல் வினாவின் திறவுகோலாகும்.

அவ்வினாவுக்குச் செல்லுமுன் ஒன்று குறிப்பிடல் வேண்டும். கோலின் மௌன விரிவுரை பற்றிய கதை எரிக் ரெம்பிள் பெல் என்னும் கணிதர் 1951 இல் வெளியிட்ட நூலின் வழியே பரவியது. 1903 இல் அவர் கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தார். அவர் எழுதிய வரலாறுகள் சுவை கருதி விவரங்களை மிகைப்படுத்துபவை எனப் பின்வந்தோர் பலர் குறை கூறியுள்ளனர். ஆகவே அக்கதை உரை என்னும் அளவையையே சார்ந்து நிற்கின்றது. முற்றும் மெய்யாகவும் இருக்கலாம், ஒரு பகுதி புனைவாகவும் இருக்கலாம். ஆனால் அக்கரும்பலகையில் எழுதப்பட்டதாகக் கூறப்படும் பெருக்கலுக்கு இவ்வையம் இல்லை. கோலும் பெல்லும் மறைந்தபின்னும், அக்கூட்டமே நிகழவில்லை என ஒருவர் வாதித்தாலும், இரு எண்களின் பெருக்கம் மாறாது.

இவ்விடத்து முதல் வினா எழுகின்றது. 1903 க்கு முன் அக்காரணிகள் எங்கே இருந்தன? கேம்பிறிஜ் கணிதர் ஹார்டி 1940 இல் எழுதிய நூலில், 317 என்பது முதன்மையாயிருத்தல் மனிதர் அவ்வாறு எண்ணுவதனாலன்று, உள்ளபடியே அஃது அவ்வாறிருப்பதனாலேயே என்னும் பொருள்பட வாதித்துள்ளார். பிளேற்றோவின் வழிவந்த இக்கொள்கையின்படி கோல் எதனையும் ஆக்கவில்லை, இருந்ததைக் கண்டார். இதற்கு மாறாக, டச்சுக் கணிதர் புறோவரின் வழிவந்தோர் கணிதப் பொருள்கள் மனத்தின் ஆக்கங்களே எனவும், ஆக்கிக் காட்டப்படாத ஒன்றை உண்டெனல் வெறுஞ்சொல்லே எனவும் கொள்வர். ஆயின் இவ்வெண்ணைப் பொறுத்தவரை அவர்களும் லூக்காஸை மறுக்கமாட்டார். ஏனெனில் சோதிக்கவேண்டிய எண்கள் முடிவுள்ளவை. போதிய பொறுமை உள்ளவன் ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்த்து விடையைப் பெறும் வழி முன்பே திறந்திருந்தது. இருசாராரும் வேறுபடும் களம் முடிவிலி சார்ந்தது. இங்கு இருசாரார்க்கும் உடன்பாடான ஒன்று உண்டு: 1644 இல் மேர்சென் ஆம் என்றதனால் அவ்வெண் முதன்மை ஆகவில்லை, 1903 இல் அவையினர் கைதட்டியதனால் அது சேர்த்தி ஆகவும் இல்லை. மதிப்பும் பெரும்பான்மையும் காலப் பழைமையும் எண்ணின் இயல்பில் அணுவளவு மாற்றத்தையும் செய்யவல்லன அல்ல.

உண்மை மனிதரைச் சாராதெனின் மனிதர்க்கு அதன்பால் உள்ள கடமை யாது? போதிய சான்றின்றி ஒன்றை நம்புதல் எவர்க்கும் எக்காலத்தும் தவறு என 1877 இல் ஆங்கிலக் கணிதர் கிளிபர்ட் வாதிட்டார். உயர்ந்த நெறியே எனினும் அதனை எழுத்துக்கு எழுத்து கைக்கொள்ளல் இயலாது. மனித வாழ்வு பெரும்பாலும் உரையின்மேல் நடைபெறுவது. மருந்தை உண்பவன் அதனைச் சோதித்து உண்பதில்லை. வரலாறு கற்பவன் கடந்த காலத்துக்குச் சென்று வருவதில்லை. கோல்கூடத் தமக்கு முந்தியோர் நிறுவிய தேற்றங்களின் துணைகொண்டே தேடினார். எல்லாவற்றையும் தானே கண்டு தெளிந்தபின்னரே பேசுவேன் என்பவன் பேசாமலே இறப்பான்.

ஆகவே கடமை வேறோரிடத்தில் உள்ளது. ஒன்றை உண்மையெனக் கூறுபவன், அதனைத் தான் அறிந்த வாயில் யாதென மறையாது கூறவேண்டும். பிறர் அதனைச் சோதித்தறியும் வழியை அடையாது விடவேண்டும். மேர்சென் பிழைபட்டமை குற்றமன்று. அவர் பட்டியலில் 67, 257 ஆகியவை தவறாகச் சேர்ந்தன. 61, 89, 107 ஆகியவை தவறாக விடுபட்டன. ஆய்வு செய்பவர் எவர்க்கும் பிழை நேரும். நிறுவப்பட்டதையும் ஊகித்ததையும் ஒரே வரிசையில், ஒரே உறுதியோடு வைத்தமையே அவர்பாற் காணப்படும் குறை. 7 க்கும் 67 க்கும் இடையே அவர் அறிவில் மிகப் பெரிய வேறுபாடு இருந்தது. பட்டியலிலோ அவ்வேறுபாட்டின் சுவடும் இல்லை. படிப்பவன் இவற்றை வேறுபடுத்தி அறிய வழியின்றி, முழுவதையும் நம்பவோ முழுவதையும் விடவோ வேண்டியவனானான். கோல் இதற்கு மறுதலையானவர். தேடும் சுமை முழுவதையும் தாம் ஏற்று, தேரும் உரிமையைப் பிறர் கையிற் கொடுத்தார். அவர் விடையை ஏற்பவன் அவரை நம்பவேண்டியதில்லை.

இன்று ஒரு கணினி இவ்வெண்ணைக் கண்ணிமைக்கும் நேரத்தில் காரணிப்படுத்திவிடும். அங்ஙனமாயின் கோலின் மூன்றாண்டு உழைப்பு வீணன்றோ எனச் சிலர் வினவலாம். உழைப்பின் பயனைக் கிடைத்த விடையோடு மாத்திரம் வைத்து அளப்பின் அவ்வாறே தோன்றும். ஆனால் 1903 இல் அவையினர் பெற்றது இரு எண்களை மாத்திரம் அன்று. ஐயத்திலிருந்து விடுதலையையும் பெற்றனர். பிற்காலத்தார்க்கு ஒரு வேலை எளிதாதல் முற்காலத்தார் அதனைச் செய்த நேர்மையைக் குறைக்காது. மேலும் கணினி வந்ததனால் உரை என்னும் அளவை ஒழிந்துவிடவும் இல்லை. வேறு வடிவில் மீண்டும் வந்துள்ளது. 2024 ஒக்ரோபரில், 2 இன் 136,279,841 ஆம் வலுவில் ஒன்று குறைந்த எண் முதன்மை என அறிவிக்கப்பட்டது. அதன் இலக்கங்கள் 41,024,320. பக்கமொன்றுக்கு நாலாயிரம் இலக்கம் வீதம் அச்சிட்டால் பதினாயிரம் பக்கங்களுக்கு மேல் விரியும். இவ்வெண்ணை எந்த மனிதனும் தன் கையாற் சோதிக்கமாட்டான். எனினும் அதனை அறிவித்தோர் வெவ்வேறு நிரல்களாலும் வெவ்வேறு இயந்திரங்களாலும் அதனை மீளச் சோதித்த பின்னரே அறிவித்தனர். சோதித்த முறையையும் வெளிப்படுத்தினர். காண்டல் அரிதாகிய இடத்தும் மேற்கூறிய கடமையைப் பேணல் கூடும் என்பதற்கு இது சான்று. அவ்வாறு பேணாது, இயந்திரம் கூறிற்று என்பதே போதும் என ஒருவர் அமைவாராயின், அவர் 1644 ஆம் ஆண்டுக்குத் திரும்பியவராவர்.

இவ்வெண்ணின் வரலாறு கணிதர்க்கு மாத்திரம் உரியதன்று. பல்கலைக்கழகம் என்பது உரையாற் பெற்றதைக் கருதலாலும் காண்டலாலும் சோதிக்கப் பயிற்றும் இடம். ஆயின் விரிவுரைக் குறிப்புகளை மனனஞ்செய்து விடைத்தாளில் ஒப்புவிக்கும் மாணவனும், முன்னோர் நூலிற் கண்ட முடிவை ஆராயாது தம் நூலுக்குப் பெயர்க்கும் ஆய்வாளரும் செய்வது மேர்செனின் பட்டியலைப் பிரதிபண்ணும் வேலையே. ஒரு புலவரின் காலம், ஒரு கல்வெட்டின் பாடம், ஒரு சமூகத்தின் பூர்வீகம் ஆகியன பற்றிய கூற்றுகளுள் எத்தனை 7 போன்றவை, எத்தனை 67 போன்றவை என வேறுபடுத்திக் காட்டாமலே நூல்கள் பெருகுகின்றன. ஆங்கெல்லாம் பிழையை வெளிப்படுத்த எட்டு வரிப் பெருக்கல் ஒன்று வாய்ப்பதில்லை. அதனாலேயே அத்துறைகளிற் பேசுவோர்க்கு இக்கடமை மேலும் கண்டிப்பானதாகின்றது.

உண்மைக்கு மனிதர் தேவையில்லை. எவரும் அறியாதபோதும் 193,707,721 தன் இடத்தில் இருந்தது. உண்மை தேவைப்படுவது மனிதர்க்கே. அவர் அதனை ஒருவர்க்கொருவர் கைமாற்றும்போது, இது கண்டது, இது கருதியது, இது கேட்டது என வகுத்துரைக்கும் நேர்மையே அறிவை வதந்தியினின்று பிரித்து நிறுத்துவதாகும்.